பசியாவரத்தை இருட்டாக்கிய மாப்பிள்ளை

வானம் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு எல்லாரும் முதலில் சொல்லும் அறிவுரை, இருட்டான இடமாகப் பார்த்துப் போங்கள் என்பதுதான். நல்ல அறிவுரை. ஆனால் இருட்டு இல்லாத இடத்தில் நீங்களே இருட்டை உண்டாக்கிக்கொள்ளாதீர்கள் என்று யாரும் சொல்வதில்லை. அந்த அளவுக்கு எவனும் போக மாட்டான் என்று நினைத்திருப்பார்கள். என்னைப் போல ஒருவன் டெலஸ்கோப் வாங்குவான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இப்போதெல்லாம் பொன்னேரியிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும், வானம் பார்க்கக் கற்றுக்கொடுங்கள் என்று புதியவர்கள் என்னிடம் வருகிறார்கள். வந்த அன்றைக்கே டெலஸ்கோப்பைத் தொட விடமாட்டேன். உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, இந்தக் கதையைச் சொல்லிவிடுவேன். கேட்ட பிறகும் மறுபடி வருகிறவருக்கு நிஜமாகவே ஆர்வம் இருக்கிறது என்று அர்த்தம்.

நான் காட்டூர்க்காரன். நெல் விளைவிக்கிற குடும்பம். பொன்னேரியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி பவானி பசியாவரத்துப் பெண். பழவேற்காடு ஏரிக்கு நடுவே இருக்கிற தீவு, மீன்பிடிக்கிற ஊர். அவளுடைய நைனா (அப்பாதான்) தேசப்பனின் போன் ஒருநாள் ஏரியில் விழுந்துவிட, அதை ரிப்பேருக்குக் கொண்டுவந்தவள் பவானி. போன் பிழைக்கப் பல தடவை கடைக்கு வர வேண்டியிருந்தது. (அவ்வளவு தடவை வர வேண்டியதில்லைதான். சார்ஜர் பின்னை மட்டும் மூன்று தபா மாற்றினேன்.) கடைசியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம்.

"போன ரிப்பேருக்குக் குடுத்தா, போன குடுத்துட்டு பொண்ண எடுத்துக்கினான்." இதுதான் என் மாமனார் என்னைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது. அதையும் என்னிடம் சொல்லவில்லை, ஊரிடம் சொன்னார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சோறு போடுவார். பெரிய இறாலாகப் பார்த்து என் தட்டுக்கு ஒதுக்கச் சொல்வார். பேச்சு மட்டும் கிடையாது. நான் எதிரே உட்கார்ந்திருப்பேன், அவர் மகளைக் கூப்பிடுவார். "பவானி, வந்தவரு சாப்ட்டாரானு கேளு." நான் "சாப்ட்டேன் மாமா" என்பேன். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கறாரானு கேளு" என்பார், மறுபடியும் அவளிடமே. ஒருமுறை வீட்டில் வேறு யாரும் இல்லை. மழை வருகிற மாதிரி இருந்தது. மனிதர் வாசலில் படுத்திருந்த நாயைப் பார்த்து, "மழ வர்ற மாதிரி கீது, வெளிய நிக்கற பைக்க ஓரமா வெச்சா தேவல" என்றார். நாய் என்னைப் பார்த்தது. நான் எழுந்து போய் பைக்கை ஓரமாக வைத்தேன்.

எப்படியாவது அவரை ஒரு வார்த்தை பேச வைத்துவிட வேண்டும். எனக்கு அப்போது வாழ்க்கையில் வேறு லட்சியமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் டெலஸ்கோப் வாங்கினேன். பழசு, சின்னது. வானம் பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். நல்ல மனிதர்கள். புதிதாக வந்த எனக்குப் பொறுமையாக எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எடுத்த எடுப்பில் டெலஸ்கோப் வாங்காதீர்கள், பைனாகுலரே போதும் என்றார்கள். (வாங்கிய பிறகுதான் இதைப் படித்தேன்.) புதியவர்களை வரவேற்று வானம் காட்டுவது எப்படி என்றும் ஒருவர் எழுதியிருந்தார். சுற்றிலும் வெளிச்சம் இருக்கக் கூடாது. டார்ச்சுக்குச் சிவப்புத் தாள் ஒட்ட வேண்டும், வெள்ளை வெளிச்சம் பட்டால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும். முக்கியமாக, யாரும் போனைத் திறக்கக் கூடாது.

படித்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. பசியாவரத்தில் ஒரு வானம் பார்க்கும் விழா. ஊரே வரும், வியாழனைப் பார்க்கும், அசந்து போகும். 'தேசப்பன் மருமவன் கில்லாடிப்பா' என்று நாலு பேர் சொல்வார்கள். மாமனார் பேசித்தானே ஆகவேண்டும்? டெலஸ்கோப் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்குள் குரு ஆகிவிட்டேன்.

நிலா இல்லாத நாள் வேண்டுமே என்று தை அமாவாசைக்கு மறுநாளைக் குறித்தேன். மீன்பிடிக்கிற ஊரில் பிறந்த எந்தக் குழந்தையும் அந்த நாளைக் குறித்திருக்காது. இருட்டு நாட்களில்தான் இறால் நன்றாக ஓடும். ஊரில் துடுப்புப் பிடிக்கத் தெரிந்த ஆம்பளை அத்தனை பேரும் பொழுது சாயுமுன் ஏரிக்குப் போய்விடுவார்கள். எனக்கு அது தெரியாது. நெல்லு வீட்டுப் பிள்ளைக்கு இறால் ஓடுவது எங்கே தெரியும்? தட்டுக்கு வந்தால்தான் தெரியும்.

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு பாய் கடையில் சிவப்புக் கண்ணாடித் தாள் கேட்டேன். "இன்னா விசேஷம், கல்யாணமா?" என்றார். நட்சத்திரம் பார்க்க என்றேன். என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தாளைச் சுருட்டிக் கொடுத்தார். 

பொழுது இறங்கியதும் கரைக்கு வந்து பார்த்தால், கூட்டம் நான் எதிர்பார்த்ததைவிட அதிகம். பொம்பளைகள், பிள்ளைகள், பெரியவர்கள். ஆம்பளைகள் ஏன் ஒருவர்கூட இல்லை என்று எனக்குத் தோன்றவே இல்லை. அறிவியலில் பெண்கள் காட்டும் ஆர்வத்தைப் பற்றிக் குழுவில் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே இடைஞ்சல், படகுத்துறையில் இருந்த ஹைமாஸ் லைட். உயரமான கம்பத்தின் உச்சியில் சுற்றிலும் விளக்குகள். அதன் கீழே நின்றால் வானமே தெரியாது. அதன் பெட்டிச் சாவி அந்த மாதம் எங்கள் மாமியார் பொறுப்பில் இருந்தது.

"அத்த, கொஞ்ச நேரம் இத அணைச்சுக்கலாமா?"

மாமியார் தயங்கினார். தண்ணீர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். புருஷன் பேசாத குறையைத் தான் ஈடுகட்ட வேண்டும் என்று எப்போதும் நினைக்கிற மனசு அவருக்கு. "மாப்ள ஆசையா கேக்கறாரு, இல்லன்றதா? சீக்கிரமா போட்டுடுங்க" என்று சாவியை என் கையில் கொடுத்தார்.

அணைத்தேன். வீட்டு விளக்குகளையும் அணைக்கச் சொன்னேன். எல்லார் டார்ச்சிலும் சிவப்புத் தாள் சுற்றினேன். போன்களையெல்லாம் சைலன்ட்டில் போட்டு ஒரு நண்டுக் கூடையில் வாங்கிவைத்து, மேலே சாக்கைப் போட்டு மூடினேன். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக வெளிச்சத்தைத் தவிர வேறு வெளிச்சமே இல்லை. அதையும் அணைக்க யாரிடம் சாவி கேட்பது என்று தெரிந்திருந்தால் கேட்டிருப்பேன்.

விழா அமர்க்களமாகத் தொடங்கியது. மேற்கே தாழ்வாகச் சனி இருந்தது. "இப்ப சனி கிரகத்தப் பாக்கப் போறோம்" என்றேன். முதலில் நின்றவள் கன்னியம்மா. மீன் விற்கிறவள், வாய் கொஞ்சம் நீளம்.

"சனிய நான் எதுக்குப் பாக்கணும்? அதுதான் என்னப் பாத்துக்கினே கீதே, ஏழு வருசமா!" என்று விலகிவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் விலகினார்கள். வளையத்தைப் பற்றி நான் தயாரித்து வைத்திருந்த பேச்சு வீணாகப் போயிற்று.

சரி, பழகட்டும் என்று, மீன் குறைந்ததற்கு ஊரே திட்டுகிற அந்தத் துறைமுகத்தின் கிரேன் பக்கம் திருப்பினேன். கன்னியம்மா கண்ணை வைத்தாள். "ஐய, தலகீழா நிக்குது!" என்றாள். இந்த டெலஸ்கோப்பில் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும் என்று விளக்கினேன். "பரவால்ல மாப்ள, அது அப்டியே இருக்கட்டும், நிமித்தாத" என்றாள். கரையே சிரித்தது. நானும் சிரித்தேன். விழா வெற்றி என்று நினைத்தேன்.

அடுத்து வியாழன். கிழக்கே உயரத்தில் தகதகவென்று இருந்தது. அதைக் குறிவைத்துக்கொண்டிருக்கும்போதுதான், "அண்ணா, தண்ணிலகூட நட்சத்திரம் ஓடுது!" என்று ஒரு சின்னப் பெண் கத்தினாள்.

திரும்பினேன். ஏரியில் வெளிச்சப் புள்ளிகள். இங்கும் அங்குமாக வேகமாக ஓடின. பக்கம் பக்கமாக வந்தன, பிரிந்தன. இன்ஜின் சத்தமும் கேட்டது. "அழகா கீதுல்ல?" என்றேன். (ஆமாம், சொன்னேன். பவானி இன்றைக்கும் இந்த வார்த்தையைச் சொல்லிக் காட்டுவாள்.)

 பின்னால் நின்ற கூட்டம் என்னைத் தாண்டித் தண்ணீர் விளிம்புக்குப் போனது. மாமியார்தான் மெதுவாகச் சொன்னார். "வலைய வுட்டுட்டு ஓடுறாங்க. யாரையோ தேடுறாங்க."

அவ்வளவுதான். கரையே அலறியது. அவரவர் வீட்டு ஆள் தண்ணீரில் இருந்தான். என்னைத் தவிர அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரிந்திருந்தது. கூடையை நோக்கி ஓடினார்கள். சாக்கை எடுத்தால், உள்ளே அத்தனை போனும் அடுப்பு மாதிரி ஒளிர்ந்து துடித்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றிலும் தண்ணீரிலிருந்து வந்த மிஸ்டு கால். இருட்டில் எந்தப் போன் யாருடையது என்று தெரியாமல் கைக்குக் கிடைத்ததை எடுத்தார்கள். ஒருத்தி புருஷன் இன்னொருத்தியிடம் பேசினான். போன் கடைக்காரன் நான் நடுவில் நின்று, "கவர் கலர் சொல்லுங்க, கவர் கலர் சொல்லுங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

கன்னியம்மாவுக்கு எப்படியோ அவள் புருஷன் ஆறுமுகமே கிடைத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"யோவ், நல்லா கீறியா? யார காணோம்?"

"அத நீ சொல்லு! கரையில கூட்டமா வெளக்கோட நிக்கிறது நீங்கதான? யார காணோம்?"

"எங்களுக்கு இன்னா தெரியும்? தேடுறது நீங்கதான!"

"நீங்க நிக்கறதப் பாத்துத்தான நாங்க தேடுறோம்!"

"நீங்க தேடுறதப் பாத்துத்தான நாங்க அழுவுறோம்!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த ஊர்களில் ஒரு படகு திரும்பவில்லை என்றால், கரையில் பொம்பளைகள் விளக்கோடு வந்து நிற்பார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டால் தண்ணீரில் இருக்கிற யாரும் ஏன் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தேடக் கிளம்பிவிடுவார்கள். ஹைமாஸ் லைட் அணைந்தது. காட்டுப்பள்ளியில் வெளிச்சம் இருக்கிறது, ஆகவே கரண்ட் போகவில்லை. கரை முழுக்கச் சிவப்பு விளக்கோடு கூட்டம். வீட்டுக்குப் போன் போட்டால் ஒருத்தியும் எடுக்கவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அட, யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லாம் என் கூத்துதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்பீக்கரில் ஆறுமுகத்தின் குரல் தணிந்தது.

"நாங்க எல்லாரும் கீறோம், ஒர்த்தர ஒர்த்தர் பாத்துக்கினோம். தேசப்பன் மட்டும் இல்ல. போன் அடிச்சா எடுக்கல."

மாமியார் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். "முகத்துவாரத்துப் பக்கம் போறேன்னு சொல்லிட்டுத்தான போச்சு" என்றார். ஏரி கடலோடு சேருகிற இடம் அது. அங்கே தண்ணீர் இழுப்பு எப்படி இருக்கும் என்று காட்டூர்க்காரன் எனக்கே தெரியும். மனிதர் போனதோ தனியாக, சின்னப் படகில். போன் ஏன் எடுக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். மறுபடி தண்ணீரில் விழாமல் இருக்க, இரண்டு பாலித்தீன் கவரில் சுற்றி டப்பாவில் போட்டு மூடிவைக்கச் சொன்னவன் நான்தான். பவானி மூலமாகச் சொன்னேன். நான் சொல்லி அவர் கேட்ட ஒரே விஷயம் அது.

பவானி என் சட்டையைப் பிடித்தாள். "லைட்ட போடுயா!"

ஓடினேன். பெட்டியைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். அந்த ஹைமாஸ் லைட்டை அதற்கு முன்னால் நான் போட்டதே இல்லை. டியூப்லைட் மாதிரி பட்டென்று வரும் என்று நினைத்தேன். அது வரவில்லை. மேலே ஊதா நிறத்தில் லேசாக முனகியது. அது சூடாகிப் பிரகாசமாக எரிய நேரம் பிடிக்குமாம். கம்பத்தின் கீழே அண்ணாந்து நின்று, "எரி, எரி" என்று கெஞ்சினேன். உச்சி வானம் முழுக்க நட்சத்திரம். நான் ஆசைப்பட்ட மாதிரியே பளிச்சென்று தெரிந்தது. ஒன்றையும் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. அந்த மனிதர் சாகும்வரை என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, வந்து அந்த நாயோடு பேசினால் போதும் என்று வேண்டிக்கொண்டேன். 

வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையானது. கரை தெரிந்தது, பிறகு தண்ணீர் தெரிந்தது. படகுகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவர் படகு அதில் இல்லை. ஆம்பளைகள் இறங்காமலே, எந்தப் பக்கம் யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு இன்ஜின் சத்தம், தனியாக. வெளிச்சத்தின் விளிம்பில் ஒரு சின்னப் படகு நுழைந்தது. அதில் நின்றபடி தேசப்பன்.

"ஆள் கெடச்சுட்டானா?" என்று கத்தினார். "முகத்துவாரம் வரைக்கும் பாத்துட்டேன், அங்க யாரும் இல்ல. லைட்டு வந்திச்சு, சரி கெடச்சுட்டான்னு திரும்பிட்டேன். யாருய்யா அது? யார காணோம்?"

"ஒன்னத்தான்!" என்றது கரை மொத்தமும்.

"என்னயா?" மனிதர் நிஜமாகவே தன்னை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "நான் எங்க காணாம போனேன்? நான்தான தேடிக்கினு கீறேன்!"

மாமியார் எழுந்து, காலியாகக் கிடந்த நண்டுக் கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போய், அதனாலேயே புருஷனை இரண்டு போடு போட்டார். பிறகு அவர் தோளில் முகத்தை வைத்து அழுதார். கன்னியம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் ஒவ்வொருவராக, கரையும் படகுகளும் சேர்ந்து சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் கம்பத்தைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்துவிட்டேன். அப்படியொரு நிம்மதி என் வாழ்நாளில் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. என் மகள் பிறந்தபோது மறுபடி ஒருமுறை வந்தது.

ஆனால் சிரிப்பு அடங்கினால் விசாரணை வருமே. வந்தது. விட்டுவிட்டு வந்த வலைகளை எடுக்க ஆம்பளைகள் முனகிக்கொண்டே திரும்பிப் போனார்கள். போகிற போக்கில் ஆளுக்கொரு பார்வை என்மேல் வீசிவிட்டுப் போனார்கள். மாமனார் மட்டும் போகவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டே மகளிடம் வந்தார்.

"பவானி, இன்னாத்துக்கு லைட்ட அணைச்சாருனு கேளு."

பவானி களைத்துப் போயிருந்தாள். "நீயே கேட்டுக்க நைனா. எனக்குப் பேச தெம்பு இல்ல."

மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். நாயைத் தேடினார் என்று நினைக்கிறேன், அது அங்கே இல்லை. பிறகு நேராக டெலஸ்கோப்பிடம் போனார். தூக்கி ஏரியில் போடப் போகிறார் என்று நினைத்தேன். தடுக்கிற எண்ணம்கூட எனக்கு இல்லை, போடட்டும் என்றுதான் இருந்தேன். அவர் குனிந்து கண்ணை வைத்தார். நான் எழுந்து போய், வியாழனை நடுவில் கொண்டுவந்து கொடுத்தேன்.

நிமிரவே இல்லை. பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்த ஹைமாஸ் லைட்டைப் பார்த்தார். மறுபடி டெலஸ்கோப்பைப் பார்த்தார்.

"உருண்டையா ஒண்ணு, பக்கத்துல வரிசையா பொட்டுப் பொட்டா நாலு. அதான?"

"ஆமா மாமா. அதெல்லாம் வியாழனோட நிலா."

"லைட்டு எரியறப்பவே நல்லா தெரியுதே! அப்புறம் இன்னாத்துக்குடா அணைச்ச?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் மாமனார் என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.  அவர் கேட்டது சரி. வியாழனையும் சனியையும் நிலாவையும் பார்க்க இருட்டே தேவையில்லை. தெருவிளக்குக்குக் கீழேயே பார்க்கலாம். வாட்ஸ்அப் குழுவில் அதையும் எழுதியிருந்தார்கள், நான்தான் அந்த மெசேஜைப் படிக்காமல் தாண்டிவிட்டேன். பேந்தப் பேந்த விழித்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு, "வா, வந்து சாப்புடு" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். மாமியார் மறுபடி அழ ஆரம்பித்துவிட்டார்.

எனவே, புதிதாக வருகிறவர்களே, வாருங்கள், சந்தோஷம். முதலில் விளக்கை எரியவிட்டே நிலாவைப் பாருங்கள், வியாழனைப் பாருங்கள். இருட்டு வேண்டுமென்றால் ஊருக்கு வெளியே வயல்வரப்புக்கு நடந்து போங்கள், ஊரை இருட்டாக்காதீர்கள். போவதற்கு முன்னால், அந்த வேளையில் யார் வீட்டு ஆள் எங்கே இருக்கிறான் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சிவப்புத் தாள் வேண்டுமென்றால் என்னிடம் நிறைய மிச்சம் இருக்கிறது.

பசியாவரத்தில் ஹைமாஸ் லைட்டின் சாவி இப்போது யார் வீட்டிலும் இருப்பதில்லை. மாமனார் ஏரிக்குப் போகும்போது லைட்டைப் போட்டுவிட்டு, சாவியைப் போன் இருக்கிற அதே டப்பாவில் போட்டுக் கூடவே எடுத்துப் போய்விடுகிறார். ஊரில் கரண்ட் போனால், ஏரியில் எங்கே இருந்தாலும் டப்பாவைத் திறந்து, கவரைப் பிரித்து, எனக்குத்தான் முதல் போன் போடுவார்.

"மாப்ள, எங்க கீற?"

"பொன்னேரில, கடையில மாமா."

"நெசமா?"

"நெசமாத்தான் மாமா."

"அப்பாடா. அப்ப கரண்ட்டுதான் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, நிம்மதியாக வலையைப் போடப் போய்விடுவார்.